பீரோ நிறையத் துணி, கட்ட ஒன்றுமில்லை: குறைவாகவும் தரமாகவும் வாங்குவது எப்படி?

கேள்வி இது: "தர்மபுரியில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. கணவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இரண்டு பீரோ நிறையத் துணி இருந்தும் திரும்பத் திரும்ப நாலைந்தையே உடுத்துகிறோம். இனிமேல் குறைவாக, நல்லதாக வாங்கலாம் என்று நினைக்கிறோம். எத்தனை போதும்? கடையில் எதைப் பார்த்து எடுப்பது?"

முதல் வேலை பீரோவைக் காலி செய்வது அல்ல. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாதித் துணியை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த தீபாவளிக்குள் அதே அளவு வாங்கி நிரப்பிவிடும் வீடுகள் நிறைய. எது ஏன் உடுத்தாமல் கிடந்தது என்று தெரியாமல் கொடுத்தால், அதே மாதிரித் துணியைத்தான் மறுபடியும் எடுத்து வருவோம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள். துவைத்து மடித்த துணியை எப்போதும் அடுக்கின் மேலேயே வையுங்கள், நடுவில் செருகாதீர்கள். வேண்டியதை எங்கிருந்து வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் உடுத்தாதவை எல்லாம் தானாக அடியில் தங்கிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் உடுத்தவில்லை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: பிளவுஸ் கை இறுக்குகிறது, கழுத்தில் அரிக்கிறது, உள்ளே தெரிகிறது, இஸ்திரி போடாமல் கட்ட முடியாது, சாயம் போகிறது, பிளவுஸே தைக்கவில்லை.

பெரும்பாலும் மூன்று நான்கு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தாள்தான் அடுத்த முறை கடைக்குக் கொண்டுபோக வேண்டிய பட்டியல். இன்னொன்றும் அதில் தெரியும்: சேலைகள் பலவற்றில் குறை சேலையில் இருக்காது, பிளவுஸில் இருக்கும். உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் டெய்லரிடம் கொடுத்துத் தையலைப் பிரித்துவிட்டாலே அந்தச் சேலை புழக்கத்துக்கு வந்துவிடும். புதிதாக ஒன்றும் வாங்காமலே நாலைந்து சேலை கூடிவிடும்.

எத்தனை போதும் என்பதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள், காய்ந்து இஸ்திரி ஆக எத்தனை நாள், அவசரத்துக்கு ஒன்று: இந்த மூன்றையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் எண். வாரம் இருமுறை துவைக்கும் வீட்டில் அதிகபட்ச இடைவெளி நான்கு நாள். மழை நாளில் காய இரண்டு நாள். ஒன்று கூடுதல். ஆக ஏழு. சித்திரை வெயிலில் கணக்குப் போட்டு ஐந்து போதும் என்று முடிவெடுத்தால் ஐப்பசியில் அரை ஈரத்தோடு சட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டி வரும். மிகவும் குறைத்துவிட்டால் இன்னொரு சிக்கல்: இருக்கிற நாலும் ஒரே சமயத்தில் நைந்துபோகும், அப்போது அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்குவோம். அதனால் ஏழு உடுப்பையும் ஒரே நாளில் வாங்காமல், வருடத்துக்கு இரண்டு மூன்று என்று மாற்றிக்கொண்டே வருவது நல்லது.

உங்கள் கணவருக்குக் கம்பெனி சீருடை உண்டென்றால் வேலை நாள் சட்டை இந்தக் கணக்கிலேயே வராது. வெளியே போக நாலைந்து சட்டை, மூன்று பேன்ட், வீட்டுக்கு மூன்று நான்கு லுங்கி, இரண்டு சாதாரண வேட்டி, விசேஷத்துக்கு ஒரு நல்ல வேட்டி சட்டை. தாராளமாகப் போதும். ஒன்றே ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், மார்கழி, தையில் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் குளிர் காதை அறுக்கும். தர்மபுரியில் அந்தக் குளிர் கிடையாது என்பதால் பலர் மெல்லிய ஸ்வெட்டர் மூன்றை மலிவாக வாங்கி, மூன்றுமே பயன்படாமல் வைத்திருக்கிறார்கள். காற்றைத் தடுக்கும் ஒரே ஒரு நல்ல ஜெர்கின், உள்ளே போட ஒரு முழுக்கை பனியன். இரண்டும் ஐந்தாறு வருடம் வரும்.

உங்களுக்கு, பள்ளிக்குப் பத்துப் பன்னிரண்டு சேலை போதும். ஆனால் எண்ண வேண்டியது சேலையை அல்ல, பிளவுஸை. ஒரு சேலையின் உண்மையான விலை என்பது சேலை, அதோடு ஃபால்ஸ், பிக்கோ, லைனிங் துணி, தையல் கூலி எல்லாம் சேர்ந்தது. எண்ணூறு ரூபாய்ச் சேலைக்கு அதில் பாதியளவு தையலுக்கே போய்விடும். ஒவ்வொரு சேலைக்கும் அதோடு வந்த பிட்டில் பிளவுஸ் தைப்பதை விட்டுவிட்டு, நீலம், அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், சந்தனம் என்று ஐந்து தனி பிளவுஸ்களை நல்ல காட்டனில் அளவாகத் தைத்து வைத்துக்கொண்டால், பன்னிரண்டு சேலையும் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். புதுச் சேலை எடுக்கும்போது "இந்த ஐந்தில் எதோடு போகும்?" என்று கேளுங்கள். குறைந்தது இரண்டோடு பொருந்தினால் எடுக்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கறுப்பும் வெள்ளையுமாக வாங்கு என்று ஒரு பாடம் சொல்லப்படுகிறது. நம் பக்கத்துக்கு அது சரிவராது. செம்மண் புழுதி வெள்ளை பேன்ட்டின் கீழ் விளிம்பில் ஏறினால் போகாது, போர் தண்ணீர் வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்கும், கறுப்புக் காட்டனோ நம் வெயிலில் காய்ந்தே சீக்கிரம் சாம்பலாகிவிடும். நடுத்தர நிறங்கள்தான் நீடிக்கும்: நீலம், சாம்பல், ஆலிவ், அரக்கு, பழுப்பு. வெள்ளை வேட்டிக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு. அதை யார் சொல்லியும் நாம் விடப்போவதில்லை.

இப்போது கடை. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் துணியைக் கையில் எடுங்கள். ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து எண்ணும் வரை கசக்கிப் பிடித்து விடுங்கள். காட்டன் என்றால் சுருக்கம் விழத்தான் செய்யும். ஆனால் நல்ல நெசவாக இருந்தால் உதறியதும் பாதி தளரும். கசக்கிய இடத்தில் விரல்களில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டினால், கஞ்சியும் பூச்சும் போட்டு மொடமொடப்பாகக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு துவைப்பில் அது கொசுவலையாகிவிடும். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லியதா கனமானதா என்பது இரண்டாவது, இழைகள் ஒரே சீராக நெருங்கியிருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். அங்கங்கே இடைவெளி விட்டுக் கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். பிறகு கட்டைவிரல் நகத்தால் துணியின் மேல் அழுத்தி ஒரு இழு இழுங்கள். இழைகள் ஒதுங்கிப் பாதை விழுந்தால், தையல் போட்ட இடத்திலும் அப்படித்தான் ஒதுங்கும்.

ரெடிமேட் என்றால் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பக்கத் தையலின் இரு புறமும் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல் பல்லிளித்தால் வைத்துவிடலாம். ஒரு இன்ச்சுக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று நகத்தால் எண்ணுங்கள். நல்ல சட்டையில் பன்னிரண்டு முதல் பதினாலு வரை இருக்கும். எட்டு ஒன்பது என்றால் மிஷினை ஓட்டி முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காலரை வளைத்து விடுங்கள். உள்ளே வைத்த கேன்வாஸ் துணியோடு சேர்ந்து நகர வேண்டும். தனியாக நகர்ந்தாலோ, மேலே சின்னச் சின்னக் குமிழ் தெரிந்தாலோ, பசை சரியாக ஒட்டவில்லை, துவைத்ததும் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். காஜாவில் பிசிர் தொங்குகிறதா, பாக்கெட்டில் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டம் சேரத் தைத்தவர் துணியைக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார், மற்ற இடத்திலும் அதிகம் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டார்.

சாயத்துக்குச் சோதனை எளிது. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து உள்மடிப்பில் பத்து முறை தேயுங்கள். லேசாக ஒட்டினால் முதல் இரண்டு துவைப்பு தனியாகத் துவைத்துக்கொள்ளலாம், பளிச்சென்று இறங்கினால் வேண்டாம். "உப்புத் தண்ணியில ஒரு நைட் ஊற வைங்க, நின்னுடும்" என்பார்கள். சாயம் ஏற்றும்போது சரியாகப் பிடிக்காததை உப்பு பிடித்து நிறுத்தாது.

நூல் நம்பரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. 100-ம் நம்பர் நூல் 60-ம் நம்பரைவிடத் தரம் என்று கடையில் சொல்வார்கள். நம்பர் கூடக்கூட இழை மெல்லியது என்றுதான் அர்த்தம். 100-ம் நம்பர் வேட்டி விசேஷத்துக்கு அழகு. தினமும் கட்டித் துவைக்க 60 அல்லது 80 போதும், அதுதான் நீடிக்கும். டி-சர்ட், பனியன் துணிக்கு ஜிஎஸ்எம் கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது. 180 பக்கம் இருந்தால் நல்லது. 140-க்குக் கீழே போனால் தோள்பட்டை தொங்கிவிடும். லெக்கின்ஸில் இழுவைக்கு இருக்கும் எலாஸ்டேன் வெந்நீருக்கும் நேர் வெயிலுக்கும் உயிர் விடும் சரக்கு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது மாறாது.

காட்டன் என்று சொல்லிக் கலப்பு கொடுத்திருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தால் வீட்டில் ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் மெத்தென்ற சாம்பலும் காட்டன். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்து, கருப்பாகப் பொடியாக நொறுங்கினால் பட்டு. பாலியெஸ்டர் கலந்தாலே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் வகுப்பில் நிற்பவருக்கு, கொஞ்சம் கலந்த சேலை சுருங்காமல் இருப்பது பெரிய உபகாரம். வெயிலில் நிற்கும் வேலைக்குத்தான் அது ஆகாது.

எங்கே வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பது பெரிய விஷயம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால்தான் தள்ளுபடி. அதே காரணத்தால் டெய்லர்களும் அந்த மாதம் ஓய்வாக இருக்கிறார்கள். பெரும்பாலானோர் ஆடியில் வாங்கி வைத்துவிட்டுத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு தைக்கக் கொடுக்கிறார்கள், அந்த நெரிசலில் உங்கள் துணி யார் கைக்குப் போகிறது என்று டெய்லருக்கே தெரியாது. ஆடியில் பிட் எடுத்து, ஆடியிலேயே தைத்துவிடுங்கள். அளவு சரியில்லை என்றால் திருத்தவும் நேரம் இருக்கும்.

குட்டி சூரத் என்றே பெயர் வாங்கிய பர்கூர் பக்கத்தில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கவும் விலைக்கும் நல்ல இடம்தான். ஆனால் ஒரு சேலைக்குப் போய் ஆறோடு திரும்புவது அங்கேதான் நடக்கும். "இந்த விலைக்கு விட்டா கிடைக்காது" என்ற நினைப்பைத் தாண்ட, அந்தத் தாளையும் ஐந்து பிளவுஸின் நிறத்தைப் போனில் படமெடுத்தும் கொண்டுபோங்கள். கைத்தறிக் காட்டன் வேண்டுமென்றால் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நம்பிக்கையான இடம், தீபாவளிச் சமயத்துத் தள்ளுபடியும் உண்டு. விலையில் இன்னொன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. எல்லையை ஒட்டி இருக்கும் உடுப்பில் நூறு ரூபாய் வித்தியாசம் வரியில் பல நூறாகிவிடும்.

"நல்லது" என்றால் "விலை அதிகம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 600 ரூபாய்ச் சட்டை 40 துவைப்பில் போகிறது, 1,100 ரூபாய்ச் சட்டை 100 துவைப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு முறை உடுத்த முறையே 15 ரூபாய், 11 ரூபாய். ஆனால் 3,000 ரூபாய்ச் சட்டை 270 துவைப்பு வந்தால்தான் அந்தக் கணக்குக்கு வரும். வராது. ஒரு அளவுக்கு மேல் நாம் கொடுப்பது பெயருக்குத்தான்.

ஆண்கள் சட்டையில் பிட் எடுத்துத் தைப்பதுதான் இன்னமும் லாபம். 58 இன்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.2 முதல் 1.3. 36 இன்ச் அகலமென்றால் சட்டைக்கு இரண்டேகால் முதல் இரண்டரை. கொடுப்பதற்கு முன் துணியை ஒரு இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 40 இன்ச் மார்பளவில் 5 சதவீதம் என்றால் இரண்டு இன்ச், அதாவது ஒரு சைஸ். பிளவுஸில் இதைவிட முக்கியம் லைனிங் துணி. மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் கை அக்குளில் வெட்டும், முதுகு கொசுவும். "புதுசா தைச்சதுதான், ஒரு துவைப்புல டைட் ஆயிடுச்சு" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபால்ஸும் அப்படியே. ஊறவைக்காமல் தைத்தால் சேலையின் அடிக்கரை சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் மடிப்பு நேராக விழாது.

டெய்லரிடம் வாயால் சொல்ல வேண்டியவை சில உண்டு. பிளவுஸ் பக்கத் தையலில் ஒரு இன்ச் விடச் சொல்லுங்கள். பேன்ட்டின் பின் இடுப்பில் ஒன்றரை இன்ச், கீழ் மடிப்பில் இரண்டரை இன்ச். பிள்ளைகள் உடுப்பில் இன்னும் கூட. மீந்த துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். சட்டையில் முதலில் நைவது காலரின் மேல் மடிப்பு. உடம்புத் துணி நன்றாக இருக்கும்போதே காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால், நைந்த பக்கம் உள்ளே போய்ச் சட்டை இன்னும் ஒரு வருடம் ஓடும். இந்த வேலை தெரிந்த பழைய டெய்லர்கள் நம் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள்.

வாங்குவதில் இவ்வளவு பார்த்தும் துவைப்பதில் கோட்டை விட்டால் பயனில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க அந்தத் தண்ணீர், துவைக்கப் போர் தண்ணீர் என்பதுதான் பல வீடுகளில் நிலைமை. துணியைக் கெடுப்பது புளோரைடு அல்ல, போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்து திரிந்து இழைக்குள் தங்கும். வெள்ளை பழுப்பாவதும் டவல் அட்டையாவதும் அதனால்தான். நுரை வரவில்லை என்று பவுடரைக் கூட்டினால் இன்னும் மோசம். இருபது லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு பவுடர் போடுங்கள். பாதிப் பவுடரில் வேலை முடியும். காட்டனுக்கு மட்டும்தான் இது. பட்டு, கம்பளிக்குச் சோடா ஆகவே ஆகாது. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்தது இருந்தால் நல்லது.

காலரைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், சோப்பு தடவிக் கால் மணி நேரம் விட்டுக் கையால் கசக்குங்கள். கல்லில் அடித்தால் பட்டன் உடைவது ஒரு பக்கம், மடிப்புகளில் இழை முறிவது இன்னொரு பக்கம். செம்மண் கறை காய்ந்த பிறகு உதறித் தட்டிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். மாம்பால் பட்டால் போகவே போகாது. தோப்பு, தோட்டத்துக்கென்று இரண்டு செட்டைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போட்டால் நிறம் பல மாதம் கூடுதலாக நிற்கும்.

பட்டு விஷயத்தில் தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அரசுப் பட்டுக்கூடு அங்காடியே ஊரில் இருக்கிறது. இருந்தும் பீரோவில் கிடப்பது என்னவோ பத்து ஆர்ட் சில்க், அதாவது செயற்கைப் பட்டு. அந்தப் பத்துக்குப் பதில், அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டுள்ள இரண்டு போதும். கட்டிக் கழற்றியதும் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். சென்ட்டை ஜரிகை மேல் அடிக்காதீர்கள், கறுக்கும். வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். கஞ்சி போட்ட துணியை நீண்ட நாள் உள்ளே வைக்கக் கூடாது. வெள்ளிப்பூச்சி அதைத்தான் தேடி வரும்.

நீங்கள் வாங்குவதை நிறுத்தினாலும் வருவது நிற்காது. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எடுத்துக் கொடுக்கும் சேலையும் தாம்பூலத்தோடு வரும் ரவிக்கைத் துணியும் வந்துகொண்டேதான் இருக்கும். மறுக்கவும் முடியாது. நெருங்கின உறவில் நாத்தனார், அண்ணி போன்றவர்களிடம் "எங்களுக்குத் துணி வேண்டாம், பாத்திரமா கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், நீங்களும் அவர்களுக்கு அப்படியே செய்தால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்கள் கொடுத்ததை மடிப்புக் கலைக்காமல் தனித் தட்டில் வையுங்கள். தேவைப்படுகிற ஒருவருக்கு அந்த வருடத்துக்குள்ளேயே போய்ச் சேரட்டும். ஃபால்ஸ் தைத்துவிட்டால் பிறகு கொடுக்க மனம் வராது.

கடைசியாக வெளியேறும் துணி. நைந்த காட்டன் சேலை தூளிக்கும் குழந்தைக்கு விரிக்கவும் ஆகும், லுங்கி கைப்பிடித் துணி ஆகும். பாலியெஸ்டரை அடுப்படியில் வைக்காதீர்கள். சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வரும்போது பழைய பட்டுச் சேலையை அந்த மூட்டையோடு சேர்த்துவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, அதற்கென்றே எடை போட்டு வாங்குபவர்கள் தனி. இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.